ஃபயர்வால் கணினியின் நெட்வொர்க் கார்டு: ஃபர்ம்வேரைப் புதுப்பிப்பதா, விட்டுவைப்பதா, கார்டையே மாற்றுவதா?

மதுரையில் வீட்டிலிருந்தே வேலை பார்ப்பவர்களில் சிலர், இணைய நிறுவனம் தரும் பெட்டிக்குப் பின்னால் சிறிய கணினி ஒன்றை வைத்து, அதில் பிஎஃப்சென்ஸ் அல்லது ஓபிஎன்சென்ஸ் என்ற மென்பொருளை நிறுவி, வீட்டு நெட்வொர்க் முழுவதற்கும் வெளித் தாக்குதல்களைத் தடுக்கும் ஃபயர்வாலாகப் பயன்படுத்துகிறார்கள். அவர்கள் கேட்கும் கேள்விகளில் மீண்டும் மீண்டும் வருவது நெட்வொர்க் கார்டின் ஃபர்ம்வேர், அதாவது கார்டுக்குள்ளேயே ஓடும் நிரல், பற்றியது. திருநகர் வாசகர் ஒருவரிடம் நான்கு 2.5 ஜிகாபிட் போர்ட்டுகள் கொண்ட சிறு பெட்டி இருக்கிறது. அதில் இணைப்பு சில நொடிகள் அறுந்து தானாகவே திரும்பி வருகிறது. ஒத்தக்கடையில் ஒருவர் பழைய சர்வரிலிருந்து கழற்றிய 10 ஜிகாபிட் எக்ஸ்710 கார்டை வாங்கிப் பொருத்தியிருக்கிறார். கணினி எழும் ஒவ்வொரு முறையும், கார்டில் இருக்கும் ஃபர்ம்வேர் பழையது என்று, கார்டை இயக்கும் மென்பொருளான டிரைவர் எச்சரிக்கிறது. திருமங்கலத்தில் ஒரு கணக்குத் தணிக்கை அலுவலகத்தில் எந்தக் கோளாறும் இல்லை. ஆனாலும் புதுப்பிக்காமல் வைத்திருப்பது பாதுகாப்புக்குக் குறையோ என்ற கவலை இருக்கிறது.

இந்த மூவருக்கும் ஒரே விடை பொருந்தாது. ஆனால் மூவரும் தங்களையே கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்விகள் ஒன்றுதான். ஃபர்ம்வேரைப் புதுப்பிப்பதை மாதாந்திரப் பராமரிப்பு வேலையாகக் கருதக் கூடாது என்பதும், பெயர் சொல்லிக் காட்டக்கூடிய ஒரு கோளாறோ பாதுகாப்பு ஓட்டையோ இருந்தால் மட்டுமே அதில் இறங்க வேண்டும் என்பதும் என் உறுதியான கருத்து. அதற்கான காரணங்களைக் கீழே விரிவாகச் சொல்கிறேன்.

எதைப் புதுப்பிக்கிறோம்?

ஃபர்ம்வேர் என்ற ஒரே பெயரால் இரண்டு வேறு பொருள்களைக் குறிப்பிடுகிறோம். இன்டெல் கார்டுகளில் சிப்புக்கு அருகில் இருக்கும் ஃபிளாஷ் நினைவகத்தில், என்விஎம் என்று அழைக்கப்படும் ஒரு தொகுப்பு நிரந்தரமாகப் பதிந்திருக்கும். கார்டின் மேக் முகவரி (நெட்வொர்க்கில் அதை அடையாளம் காட்டும் எண்), போர்ட்டுகளின் அமைப்பு, உள்ளே ஓடும் நிரல் ஆகியவை அனைத்தும் அதில் அடங்கும். அதை எழுதும்போது நடுவில் தடைபட்டால் கார்டே செயலிழக்கக்கூடும். ரியல்டெக் சிப்புகளில் லினக்ஸ் டிரைவர் ஏற்றும் ஃபர்ம்வேர் கோப்பு இதற்கு மாறானது. அது கணினி எழும்போது சிப்புக்குள் ஏற்றப்பட்டு, மின்சாரம் போனதும் மறைந்துவிடும். அந்தக் கோப்பு இயங்குதளத்தின் வழக்கமான புதுப்பிப்போடு வந்துவிடுவதால், ரியல்டெக் வைத்திருப்பவர்கள் இந்தக் கட்டுரையின் பெரும்பகுதியைப் பற்றிக் கவலைப்படத் தேவையில்லை.

இன்டெல்லிலும் எல்லாச் சிப்புகளும் எழுதத்தக்கவை அல்ல. பழைய சிறு பெட்டிகளில் மிகுதியாக இடம்பெற்ற ஐ211 சிப்பில் அமைப்புத் தரவுகள் ஒரே ஒரு முறை எழுதத்தக்க உள்நினைவகத்தில் இருப்பதால், அதற்கு ஃபர்ம்வேர் தேடி அலைவது வீண் வேலை.

உங்களிடம் இருப்பது எது என்பதைக் கணினியே சொல்லும். ஃபயர்வாலின் தொடக்கப் பதிவைத் திறந்து பார்த்தால், 2.5 ஜிகாபிட் போர்ட்டுக்கு நேரே ஈப்ரோம் என்ற பெயரில் என்விஎம் பதிப்பு எண்ணும் ஈட்ராக் என்ற பெயரில் ஒரு நீண்ட எண்ணும் அச்சாகியிருக்கும். 10 ஜிகாபிட் எக்ஸ்710 கார்டாக இருந்தால் ஃபர்ம்வேர், ஏபிஐ (டிரைவரும் ஃபர்ம்வேரும் பேசிக்கொள்ளும் முறை), என்விஎம் மூன்றின் பதிப்பும் ஒரே வரியில் வரும். லினக்ஸில் எத்டூல் கட்டளை இதே விவரத்தைத் தரும். அந்த வரியை ஒரு தாளில் எழுதிவைத்துக்கொள்ளுங்கள். இனிச் சொல்லப்போகும் முடிவுகள் அனைத்தும் அதிலிருந்தே தொடங்குகின்றன.

எவற்றை வைத்து முடிவு செய்வது?

முதலாவது, உங்கள் கோளாறுக்கும் ஃபர்ம்வேருக்கும் உண்மையிலேயே தொடர்பு இருக்கிறதா என்பது. புதிய பதிப்போடு வரும் மாற்றக் குறிப்பில் உங்கள் கோளாறின் பெயர் இருந்தால் தொடர்பு உண்டு. இல்லாவிட்டால் ஊகத்தின் பேரில் கார்டை எழுதுகிறீர்கள் என்று பொருள்.

இரண்டாவது, அந்த ஃபர்ம்வேரை யார் தருகிறார்கள் என்பது. இதைத்தான் பலர் கவனிக்காமல் விடுகிறார்கள். இன்டெல் தன் பெயரில் விற்ற கார்டுகளுக்கு மட்டுமே தன் புதுப்பிப்புக் கருவியைத் தருகிறது. அதே சிப்பை வைத்து டெல், ஹெச்பி, லெனோவா விற்ற கார்டுகளுக்கு அந்தந்த நிறுவனத்தின் தொகுப்பே தேவை. இன்டெல் கருவி அவற்றைத் தொடாமல் கடந்துவிடும். மதர்போர்டிலேயே பற்றவைக்கப்பட்ட சிப்பாக இருந்தால் போர்டு செய்த நிறுவனம்தான் பொறுப்பு. பெயர் தெரியாத நிறுவனத்தின் சிறு பெட்டி என்றால், பெரும்பாலும் யாருமே தர மாட்டார்கள்.

மூன்றாவது, கெட்டுப்போனால் மீள வழி உண்டா என்பது. தனிக் கார்டு கெட்டால் வேறொன்றைப் பொருத்தலாம். போர்டோடு ஒட்டிய சிப் கெட்டால் பெட்டியின் ஒரு போர்ட் போகும். சில வேளைகளில் பெட்டியே போகும்.

நான்காவது, வீட்டில் இணையம் எவ்வளவு நேரம் நிற்கலாம் என்பது. ஐந்தாவது மின்சாரம். இவ்விரண்டும் ஊரையும் வீட்டையும் பொறுத்தவை. அவற்றைக் கடைசியில் பார்ப்போம்.

முதல் வழி: ஃபர்ம்வேரைத் தொடாமல் அமைப்புகளைச் சரிசெய்வது

ஃபர்ம்வேர் கோளாறு என்று எண்ணி வருபவர்களில் பெரும்பாலோருக்கு இந்த வழியே போதும் என்பது என் மதிப்பீடு. ஆகவே இதைச் சற்று விரிவாகவே சொல்கிறேன்.

2.5 ஜிகாபிட் சிப்புகளின் வரலாறு இதற்கு நல்ல சான்று. இன்டெல்லின் ஐ225-வி சிப்பின் தொடக்க வடிவங்களில், இரண்டு தரவுப் பொதிகளுக்கு இடையே விட வேண்டிய இடைவெளி சரியாக அமையாததால், சில சுவிட்சுகளோடு 2.5 ஜிகாபிட் வேகத்தில் பொதிகள் தொலைந்தன. 2020இல் வெளிப்பட்ட இந்தக் குறைக்கு இறுதித் தீர்வாக வந்தது பி3 என்ற திருத்தப்பட்ட சிப். அதாவது, பழைய சிப்பை வைத்திருப்பவர் ஃபர்ம்வேரைப் புதுப்பித்து அந்தக் குறையிலிருந்து விடுபட முடியாது. வேகத்தை 1 ஜிகாபிட்டாகக் குறைத்து வைத்துக்கொள்ளலாம், அல்லது பெட்டியை மாற்றலாம். உங்கள் சிப் எந்த வடிவம் என்பதைக் கணினி காட்டும் வன்பொருள் பட்டியலில் திருத்த எண்ணைப் பார்த்து அறியலாம். 03 என்றால் பி3.

அடுத்து வந்த ஐ226-வி சிப்பிலும் இணைப்பு அறுந்து ஒட்டும் புகார்கள் எழுந்தன. வேலை இல்லாத நேரத்தில் இணைப்பை உறங்கவைக்கும் மின்சேமிப்பு வசதியே அங்கே முக்கியச் சந்தேகத்துக்கு உள்ளானது. 2023 தொடக்கத்தில் விண்டோஸுக்கு வெளிவந்த தற்காலிகத் தீர்வும் அந்த வசதியை அணைத்துவைப்பதாகவே இருந்தது. இந்த வசதி இருமுனையும் ஒப்புக்கொண்டால்தான் இயங்கும் என்பதால், ஃபயர்வாலில் அது அணைந்திருக்கிறதா என்பதோடு, எதிர்முனையில் இருக்கும் சுவிட்சிலும் பசுமை ஈத்தர்நெட் போன்ற பெயரில் இருந்தால் அங்கேயும் அணைத்துப் பாருங்கள். பயாஸில் ஏஎஸ்பிஎம் என்ற பெயரில் இருக்கும் பிசிஐ மின்சேமிப்பை அணைத்ததும் சிக்கல் தீர்ந்தவர்களும் உண்டு. திருநகர் வாசகர் முதலில் செய்ய வேண்டியது இவ்வளவே.

சோதனைக்கும் ஓர் ஒழுங்கு வேண்டும். முதலில் கேபிளை மாற்றுங்கள். அடுத்து, கோளாறு தரும் போர்ட்டிலிருந்து வேறு போர்ட்டுக்கு இணைப்பை மாற்றுங்கள். பிறகு, பொதிகளைக் கையாளும் வேலையில் ஒரு பகுதியைக் கார்டிடமே ஒப்படைக்கும் சுமைகுறைப்பு (ஆஃப்லோடு) அமைப்புகளை அணையுங்கள். பிஎஃப்சென்ஸ், ஓபிஎன்சென்ஸ் இரண்டிலும் அவை அமைப்புப் பக்கத்தில் சில சொடுக்குகளில் கிடைக்கும். அதன்பின் இயங்குதளத்தைப் புதிய பதிப்புக்குக் கொண்டுவாருங்கள்; டிரைவர் இயங்குதளத்தோடு சேர்ந்தே வருவதால், கார்டைத் தொடாமலேயே பல திருத்தங்கள் கிடைத்துவிடும். ஒவ்வொரு மாற்றத்துக்கும் இடையில் ஓரிரு நாட்கள் பொறுத்திருந்து பார்க்காவிட்டால், எதனால் குணமானது என்று தெரியாமலே போகும்.

வெயிலையும் மறந்துவிடக் கூடாது. மே மாதத்தில் 40 பாகையைத் தொடும் ஊரில், விசிறி இல்லாத பெட்டியைப் பரணிலோ, மூடிய தொலைக்காட்சி அலமாரிக்குள்ளோ வைத்திருப்பவர்கள் பலர். பிற்பகலில் மட்டும் இணைப்பு அறுகிறது, இரவில் ஒழுங்காக இருக்கிறது என்றால், பெட்டியை வெளியே எடுத்துக் காற்றோட்டமான இடத்தில் ஒரு வாரம் வைத்துப் பாருங்கள். சர்வருக்காகச் செய்யப்பட்ட எக்ஸ்520, எக்ஸ்710 போன்ற கார்டுகள் பலமான காற்றோட்டத்தை எதிர்பார்த்து வடிவமைக்கப்பட்டவை. வீட்டுக் கேபினெட்டுக்குள் அவற்றின் வெப்பத்தகட்டுக்கு எதிரே ஒரு சிறு விசிறி கட்டாயம் வேண்டும்.

எக்ஸ்520 கார்டில் கேபிளை இணைப்பதற்கான எஸ்எஃப்பி மாட்யூலை வேறு நிறுவனத்திலிருந்து வாங்கிப் பொருத்தினால் இயங்க மறுப்பதையும் சிலர் ஃபர்ம்வேர் சிக்கல் என்று எண்ணுகிறார்கள். பிஎஃப்சென்ஸுக்கும் ஓபிஎன்சென்ஸுக்கும் அடித்தள இயங்குதளமான ஃப்ரீபிஎஸ்டியிலும், லினக்ஸிலும் டிரைவருக்குத் தரும் ஓர் அமைப்பே அந்தத் தடையை நீக்கிவிடும். அதற்காகக் கார்டின் நினைவகத்தில் கை வைக்க வேண்டியதில்லை.

இந்த வழியில் பணச் செலவு இல்லை. மறைந்திருக்கும் செலவு நேரமும் பொறுமையும்தான். மின்சேமிப்பை அணைத்தால் மின்கட்டணம் ஏறுமே என்ற அச்சம் பலருக்கு உண்டு. ஒரு சிறு பெட்டியில் அது கணக்கில் வராத அளவே.

இந்த வழி போதாத இடம் ஒன்று உண்டு. கார்டின் ஃபர்ம்வேரிலேயே பாதுகாப்பு ஓட்டை இருந்தால் எந்த அமைப்பை மாற்றியும் அதை அடைக்க முடியாது. 2019 நவம்பரில் இன்டெல் வெளியிட்ட பாதுகாப்பு அறிவிப்பு, எக்ஸ்710 உள்ளிட்ட 700 வரிசையில் 7.0 பதிப்புக்கு முந்தைய ஃபர்ம்வேரில், அதே நெட்வொர்க்கில் இருக்கும் ஒருவர் உள்நுழையாமலே பயன்படுத்திக்கொள்ளத்தக்க ஓட்டை இருப்பதாகச் சொன்னது. வெளியுலகைப் பார்த்து நிற்கும் ஃபயர்வால் கார்டில் இதை விட்டுவைக்க நான் சம்மதிக்க மாட்டேன். ஒத்தக்கடை வாசகரின் நிலை இதுதான். பழைய சர்வரிலிருந்து வந்த எக்ஸ்710 கார்டு 7.0க்கு முந்தைய பதிப்போடு வந்திருக்க நல்ல வாய்ப்பு உண்டு.

இரண்டாவது வழி: ஃபயர்வால் இயங்குதளத்திலிருந்தே புதுப்பிப்பது

இன்டெல் தன் என்விஎம் புதுப்பிப்புக் கருவியை ஃப்ரீபிஎஸ்டிக்கும் தருகிறது. பிஎஃப்சென்ஸும் ஓபிஎன்சென்ஸும் ஃப்ரீபிஎஸ்டி மேல் நிற்பதால், முழு அதிகாரத்தோடு கட்டளைகளைத் தட்டும் ரூட் ஷெல்லில் நுழைந்து நேரே இயக்கிவிடலாம். மானிட்டர், விசைப்பலகை, பென் டிரைவ் எதுவும் வேண்டாம். இதுவே இந்த வழியின் கவர்ச்சி.

ஆபத்தும் அங்கேயே இருக்கிறது. எஸ்எஸ்ஹெச் வழியாக, அதாவது வேறு கணினியிலிருந்து நெட்வொர்க் மூலம், உள்ளே நுழைந்தவர், தான் எழுதப்போகும் அதே கார்டின் வழியாகத்தான் உள்ளே வந்திருக்கிறார். எழுதும்போது கருவி கார்டை மீட்டமைத்தால் இணைப்பு அறும். திரையில் என்ன நடக்கிறது என்பது தெரியாது. வேலை முடிந்துவிட்டதா, பாதியில் நிற்கிறதா என்று அறியாமல் மின்சாரத்தை நிறுத்துபவரே கார்டைக் கெடுக்கிறார். நெட்வொர்க்கைச் சாராமல் தனிக் கேபிளில் இணைக்கும் சீரியல் கன்சோல் போர்ட் இருக்கும் பெட்டிகளில் அதன் வழியாக நுழைந்தால் இந்த ஆபத்து இல்லை. அத்துடன், போக்குவரத்து ஓடிக்கொண்டிருக்கும் கார்டில் எழுதுவதை நான் விரும்புவதில்லை. முதலில் கேபிள்களைக் கழற்றிவிடுவது நல்லது.

மற்றொரு கார்டு நிறுவனமான மெல்லனாக்ஸின் கனெக்ட்எக்ஸ்-4, அதற்குப் பிந்தைய கார்டுகளுக்கு ஃப்ரீபிஎஸ்டி தன்னுடைய சொந்தக் கருவியையே வைத்திருக்கிறது. அந்தக் கார்டுகளை வைத்திருப்பவர்களுக்கும், கன்சோல் கேபிள் வைத்திருப்பவர்களுக்கும் இந்த வழி ஏற்றது. மற்றவர்கள் அடுத்த வழிக்கு வருவது நலம்.

மூன்றாவது வழி: லினக்ஸ் பென் டிரைவிலிருந்து புதுப்பிப்பது

ஃபர்ம்வேரைப் புதுப்பித்தே ஆக வேண்டும் என்று முடிவுக்கு வந்தவர்களுக்கு நான் பரிந்துரைப்பது இதையே. ஃபயர்வால் கணினியை நிறுத்தி, உபுண்டு போன்ற ஒரு லினக்ஸைப் பென் டிரைவிலிருந்து எழுப்பி, அதில் கருவியை இயக்குவது. கார்டின் வழியாக எந்தப் போக்குவரத்தும் ஓடாது. கண்ணெதிரே திரை இருக்கும். ஃபயர்வாலின் வட்டில் எதுவும் மாறாது. கார்டு செய்யும் நிறுவனங்களின் கருவிகளும் விளக்கங்களும் லினக்ஸுக்கே மிகுதி. மெல்லனாக்ஸுக்கான திறமூலக் கருவியான எம்எஸ்டிஃபிளின்ட் பல லினக்ஸ் தொகுப்புக் களஞ்சியங்களிலேயே கிடைக்கும்.

இன்டெல் கருவியை இயக்கியதும் நேரே எழுதத் தொடங்கிவிடாது. கணினியில் இருக்கும் கார்டுகளை வரிசையாகப் பட்டியலிட்டு, ஒவ்வொன்றுக்கும் எதிரே தற்போதைய பதிப்பையும், புதுப்பிப்பு உண்டு, புதுப்பிப்பு இல்லை, அணுக இயலவில்லை என்பவற்றுள் ஒன்றையும் காட்டும். நீங்கள் எண்ணைத் தட்டியபின், பழைய படிமத்தை, அதாவது இப்போதிருக்கும் ஃபர்ம்வேரின் நகலை, சேமிக்கவா என்று கேட்கும். அங்கே ஆம் என்று சொல்லாமல் கடந்து செல்லாதீர்கள். அந்தக் கோப்பு பென் டிரைவின் தற்காலிக இடத்தில் இருந்தால் கணினியை அணைத்ததும் மறைந்துவிடும் என்பதால், முதல் வேலையாக அதை வேறொரு பென் டிரைவுக்கு நகலெடுத்துக்கொள்ள வேண்டும்.

அணுக இயலவில்லை என்று வந்தால், செக்யூர் பூட் (கையொப்பமிட்ட மென்பொருளை மட்டும் எழவிடும் பாதுகாப்பு வசதி) காரணமாக இருக்கலாம். அது இயங்கும்போது லினக்ஸ் தன் கருநிரலைப் பூட்டிவைத்து, வன்பொருளின் நினைவகத்தை நேரடியாகத் தொட விடாது. பயாஸில் அதை அணைத்து, வேலை முடிந்ததும் மறக்காமல் திரும்ப இயக்குங்கள்.

மறைந்திருக்கும் செலவுகள் சில உண்டு. ஃபயர்வால் நின்றதும் வீட்டில் இணையமும் நிற்கும். பென் டிரைவில் எழுந்தபின் ஒரு கோப்பு குறைகிறது என்று தெரிந்தால் தரவிறக்க வழியிருக்காது. ஆகவே கருவி, ஃபர்ம்வேர், ரீட்மீ எனப்படும் விளக்கக் கோப்பு மூன்றையும் முன்பே பென் டிரைவில் சேர்த்துவைக்க வேண்டும்; கைபேசி ஹாட்ஸ்பாட் துணைக்கு இருக்கட்டும். இரண்டாவதாக, டிரைவருக்கும் ஃபர்ம்வேருக்கும் பொருத்தம் வேண்டும். 700 வரிசையில் டிரைவர் எதிர்பார்ப்பதைவிடப் புதிய என்விஎம் இருந்தாலும் எச்சரிக்கை வரும். எந்த டிரைவருக்கு எந்த என்விஎம் என்ற அட்டவணையை இன்டெல் வெளியிடுகிறது. உங்கள் ஃபயர்வால் பதிப்பில் இருக்கும் டிரைவரைப் பார்த்து, அதற்கேற்ற என்விஎம்மைத் தேர்ந்தெடுங்கள். இருப்பதிலேயே புதியதை எடுத்து எழுதுவது நல்ல பழக்கம் அன்று. புதியதிலிருந்து பழையதற்கு இறங்குவது எப்போதும் கைகூடுவதில்லை.

ஃபயர்வாலை ப்ராக்ஸ்மாக்ஸ் போன்ற மெய்நிகர் தளத்துக்குள் ஓட்டுபவர்கள், மெய்நிகர்க் கணினியை நிறுத்திவிட்டு, அடித்தளக் கணினியிலிருந்தே இதைச் செய்யலாம்.

நான்காவது வழி: யுஇஎஃப்ஐ ஷெல், வேறு கணினி, ஃபிளாஷ் எழுதும் கருவி

கணினியின் தொடக்க நிரல் மேல் நேரே ஓடும் கட்டளைத் திரையான யுஇஎஃப்ஐ ஷெல்லில் இயக்குவது, இயங்குதளமே இல்லாத சூழலில் எழுதுவதால் தூய்மையானது, டிரைவர் குறுக்கிடாது. ஆனால் பல சிறு பெட்டிகளில் ஷெல் உள்ளே வருவதில்லை. ஃபேட்32 பென் டிரைவில் அதைத் தனியே வைத்து எழுப்ப வேண்டும். பழக்கம் உள்ளவர்களுக்கே இது வசதி.

தனிக் கார்டைக் கழற்றி மேசைக் கணினியில் பொருத்தி எழுதுவது, ஃபயர்வாலுக்கு மானிட்டர் இணைக்க வழியில்லாதவர்களுக்கு உதவும்.

எட்டுக்கால் ஃபிளாஷ் சிப்பில் கவ்வியைப் பிடித்து, சிஎச்341ஏ போன்ற மலிவான கருவியால் நேரே எழுதுவதைப் புதுப்பிக்கும் வழியாக எண்ணவே கூடாது. அது கெட்டுப்போன கார்டை மீட்பதற்கானது. அந்தக் கருவிகளில் சில, சிப் தாங்கும் அளவைவிட உயர்ந்த மின்னழுத்தத்தைத் தரவுக் கம்பிகளில் செலுத்துகின்றன. அதைவிட முக்கியமானது, பிறர் கார்டிலிருந்து எடுத்த படிமத்தை அப்படியே எழுதினால் அந்தக் கார்டின் மேக் முகவரியும் சேர்ந்தே வந்துவிடும் என்பது. கேபிள் ஆபரேட்டர் வழியாக வரும் இணைப்புகள் சிலவற்றில் வாடிக்கையாளரின் மேக் முகவரியைப் பதிந்து வைத்திருப்பார்கள். முகவரி மாறினால் கார்டு நன்றாக இருந்தும் இணையம் வராது. நிறுவனத்தின் கருவியோ மேக் முகவரியைக் காப்பாற்றிக்கொண்டே எழுதும். பெயர் தெரியாத பெட்டிகளில் இருக்கும் ஐ226 சிப்புக்காகக் கைமாறி வரும் படிமங்களை நான் பரிந்துரைக்காததற்கு இதுவும் ஒரு காரணம். ஃபயர்வாலின் வாசலில் நிற்கும் சிப்பில், யார் செய்தது என்று தெரியாத நிரலை ஏற்றுவது அதைவிடப் பெரிய காரணம்.

ஐந்தாவது வழி: கார்டை மாற்றுவது

சில ஆயிரம் ரூபாய் செலவில் நல்ல நிலையில் உள்ள பழைய சர்வர் கார்டு கிடைக்கும்போது, ஆதரவு நின்றுபோன கார்டோடு போராடுவது சரியா என்று யோசிக்க வேண்டும். மெல்லனாக்ஸ் கனெக்ட்எக்ஸ்-3 வரிசைக்கு 2.42.5000 பதிப்போடு ஃபர்ம்வேர் நின்றுவிட்டது. அந்தப் பதிப்பில் ஏற்கெனவே இருக்கும் கார்டுக்குப் புதுப்பிப்பு என்று ஒன்று இல்லை. டெல், ஹெச்பி பெயரில் வந்த கார்டை வேறு அடையாளத்துக்கு மாற்றி எழுத எம்எஸ்டிஃபிளின்ட்டில் வழி இருக்கிறது என்றாலும், முற்றிலும் அதே வன்பொருள் என்று உறுதிப்படுத்திக்கொண்டவர்களே அதைச் செய்ய வேண்டும்.

மாற்றுவதிலும் மறைந்த செலவு உண்டு. நான்கு போர்ட் ஐ350 கார்டுகளில் போலிகள் மிகுதி. சென்னை ரிச்சி தெருவில் வாங்கினாலும், நம் ஊர்க் கடையில் வாங்கினாலும், இணையத்தில் வாங்கினாலும், திருப்பித் தர வாய்ப்புள்ள இடத்தில் வாங்கி, பொருத்திய முதல் வாரத்திலேயே எல்லாப் போர்ட்டுகளிலும் முழு வேகத்தில் ஓட்டிப் பாருங்கள். புதிய கார்டின் டிரைவர் வேறாக இருந்தால், ஃபயர்வாலில் போர்ட்டுகளின் பெயரும் மாறிவிடும். வேன் (இணையப் பக்கம்), லேன் (வீட்டுப் பக்கம்) எது என்று கன்சோலில் அமர்ந்து மீண்டும் ஒதுக்க வேண்டியிருக்கும். மானிட்டர் இல்லாதவர்கள் அங்கேதான் மாட்டிக்கொள்கிறார்கள்.

சிப் போர்டோடு ஒட்டிய பெட்டிகளுக்கு இந்த வழி என்பது பெட்டியையே மாற்றுவதாகும். முதல் வழியில் சொன்னவை அனைத்தையும் செய்தபின்னும் தீராத ஐ225 தொடக்க வடிவச் சிப்புகளுக்கு மட்டுமே அதைச் சொல்வேன்.

ஒரே பார்வையில்

| வழி | எப்போது ஏற்றது | மறைந்த செலவு | கெட்டால் மீளுதல் |
|---|---|---|---|
| அமைப்புகளைச் சரிசெய்தல் | இணைப்பு அறுதல், வேகக் குறைவு. போர்டோடு ஒட்டிய சிப் | பொறுத்திருந்து பார்க்கும் நாட்கள் | எப்போதும் திரும்பலாம் |
| ஃபயர்வாலிலிருந்தே புதுப்பித்தல் | சீரியல் கன்சோல் இருந்தால் | நடுவில் இணைப்பு அறுந்தால் நிலை தெரியாது | கடினம் |
| லினக்ஸ் பென் டிரைவ் | பெயர் தெரிந்த ஓட்டை, டிரைவர் எச்சரிக்கை. நிறுவனமே தரும் ஃபர்ம்வேர் | இணையமற்ற நேரம், முன்தயாரிப்பு | சேமித்த படிமம் இருந்தால் வாய்ப்பு உண்டு |
| யுஇஎஃப்ஐ ஷெல் | டிரைவர் குறுக்கிடும்போது | ஷெல்லைத் தனியே ஏற்பாடு செய்தல் | மேற்படியே |
| கார்டை மாற்றுதல் | ஆதரவு நின்றவை, வன்பொருள் குறை | போலிகள், போர்ட் பெயர் மாற்றம் | பழைய கார்டைத் திரும்பப் பொருத்தலாம் |

திருமங்கலம் அலுவலகத்துக்கு என் விடை: பாதுகாப்பு அறிவிப்பில் உங்கள் கார்டின் பெயரும் பதிப்பும் இல்லாதவரை விட்டுவையுங்கள். ஃபயர்வால் மென்பொருளை மட்டும் தவறாமல் புதுப்பித்து வாருங்கள். வெளியிலிருந்து வரும் ஆபத்துகளில் பெரும்பங்கை அதுவே தடுக்கும்.

புதுப்பிக்க முடிவெடுத்தவர்களுக்கு: நாளும் மின்சாரமும்

எழுதும் வேலை பொதுவாகச் சில நிமிடங்களே. ஆனால் அந்தச் சில நிமிடங்களில் மின்சாரம் போகக் கூடாது. மாதாந்திரப் பராமரிப்புக்காக மின்வாரியம் அறிவிக்கும் மின்தடை எந்தப் பகுதிக்கு எந்த நாளில் என்பது நாளிதழில் வரும். அந்த நாளையும், கோடை மழை இடியோடு வரும் மாலைகளையும் தவிர்த்துவிடுங்கள். வீட்டில் இன்வெர்ட்டர் இருக்கிறது என்று நிம்மதியாக இருந்துவிட முடியாது. மின்சாரத்திலிருந்து பேட்டரிக்கு மாறும் கணத்தில் மின்விளக்கு ஒரு முறை கண் சிமிட்டுவதைப் பார்த்திருப்பீர்கள். சில கணினிகள் அந்தக் கணத்தில் அணைந்து மீண்டும் எழும். இன்வெர்ட்டரில் யுபிஎஸ் நிலை என்ற சுவிட்ச் இருந்தால் அதற்கு மாற்றிவிட்டு, ஃபயர்வால் ஓடிக்கொண்டிருக்கும்போதே ஒரு முறை மெயினை அணைத்துப் பாருங்கள். அது அணையாமல் நின்றால் மட்டுமே தொடருங்கள். இல்லாவிட்டால் யுபிஎஸ் ஒன்றை ஒரு நாளைக்கு இரவல் வாங்கியாவது வைத்துக்கொள்ளுங்கள்.

ஃபயர்வாலின் முழு அமைப்புக் கோப்பையும் முன்னதாகத் தரவிறக்கி வேறு கணினியில் வையுங்கள். இணைய நிறுவனம் தந்த ரவுட்டரை எடுத்துத் துடைத்து, அதன் வழியாக நேரே இணையம் வருகிறதா என்று முந்தைய நாளே பார்த்துவிடுங்கள். அந்த ஒரு ஏற்பாடு இருந்தால் கார்டு கெட்டாலும் வீட்டில் வேலையும் பிள்ளைகளின் வகுப்பும் நிற்காது.

இறுதியாக எழுதும் வரிசை. எக்ஸ்710, ஐ350 போன்ற கார்டுகளில் எத்தனை போர்ட் இருந்தாலும் சிப் ஒன்றே, என்விஎம்மும் ஒன்றே. ஆகவே எல்லாப் போர்ட்டும் சேர்ந்தே பிழைக்கும், சேர்ந்தே போகும். ஐ225, ஐ226 வைத்த பெட்டிகளில் ஒவ்வொரு போர்ட்டுக்கும் தனிச் சிப் என்பதால், உங்கள் போர்டு நிறுவனம் ஃபர்ம்வேர் தந்திருந்தால், முதலில் பயன்பாட்டில் இல்லாத ஒரு போர்ட்டை மட்டும் எழுதுங்கள். கணினியை அணைத்து, மின்கம்பியையும் பிடுங்கி, அரை நிமிடம் கழித்து மீண்டும் இணையுங்கள். வெறும் மறுதொடக்கத்தில் சில கார்டுகள் புதிய ஃபர்ம்வேருக்கு மாறுவதில்லை. தொடக்கப் பதிவில் புதிய எண் வந்திருக்கிறதா, மேக் முகவரி பழையபடியே இருக்கிறதா என்று தாளில் எழுதியதோடு ஒப்பிட்டபின், லேன் கேபிளை அந்தப் போர்ட்டுக்கு மாற்றி ஒரு வாரம் ஓட்டுங்கள். அது ஒழுங்காக நின்றால் மற்ற லேன் போர்ட்டுகளையும், எல்லாவற்றுக்கும் கடைசியாக இணையம் வரும் வேன் போர்ட்டையும் எழுதலாம்.